பொலிஸாருடன் சிலை பார்த்த சனிக்கிழமை

யுத்தம் நடந்துகொண்டிருந்த வருடங்களில் நான் ஹெவ்லொக் டவுனில் ஒரு கட்டடக்கலைஞரின் கந்தோரில் படவரைஞராக வேலை செய்தேன். வேலை என்றால் பெரும்பாலும் குளியலறைகள். கொழும்பில் வசதியானவர்கள் எல்லாரும் அந்தக் காலத்தில் குளியலறையைத்தான் இடித்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள் என்று நினைக்கிறேன். வாஷ்பேசின் எந்தச் சுவரில், ஷவர் எந்த மூலையில் என்று வரைந்து வரைந்து எனக்குச் சலித்துப் போயிருந்தது. அப்படி ஒரு காலையில் மேடம் பெரிய நில அளவைப் படம் ஒன்றைக் கொண்டுவந்து என் மேசையில் விரித்தார்.

"இதில் குளியலறை ஒன்றுகூட இல்லை" என்றார்.

மேடம் சிங்களப் பெண்மணி. ஐம்பது வயதிருக்கும். தலைமயிரைக் கட்டையாக வெட்டி, தன் வான் வண்டியைத் தானே ஓட்டித் திரிவார். அவிசாவளையைத் தாண்டி அவருடைய குடும்பத்துக்கு ஓர் இறப்பர்த் தோட்டம் இருந்தது. தகப்பன் இறந்த பிறகு பால் வெட்ட ஆளில்லை. இருபது வருடத்துக்கு மேல் அப்படியே கிடந்து, காடு தோட்டத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டது. அந்தக் காட்டுக்குள் சிற்பங்கள் வைக்கப் போவதாக மேடம் சொன்னார். சாமி சிலையும் தலைவர் சிலையும் அல்ல, இந்தக் காலத்துச் சிற்பிகள் தங்கள் மனதுக்குப் பட்டபடி செய்பவை. பதினொரு சிற்பிகள் ஒப்புக்கொண்டிருந்தார்கள். நடைபாதை எங்கே வளைய வேண்டும், எந்தச் சிற்பம் எந்த மரத்துக்குப் பக்கத்தில், எந்த மரத்தைத் தொடவே கூடாது என்பதையெல்லாம் அளந்து வரைவது என் வேலை. சனிக்கிழமை தோறும் போகவேண்டும்.

"இந்த நேரத்தில் சிலையா, மேடம்?" என்று கேட்டேன்.

"எந்த நேரத்தில் என்று நீ சொல். அப்போது வைப்போம்" என்றார்.

நான் பென்சிலைச் சீவத் தொடங்கினேன்.

வீட்டில் சொல்லுவதுதான் கஷ்டமாக இருந்தது. வெள்ளவத்தையில், கடலுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில், ஒரு வீட்டின் மேல்மாடியில் இரண்டு அறைகளில் அப்பா, அம்மா, நான் மூவரும் இருந்தோம். அப்பா ஓய்வுபெற்ற ஸ்ரேசன் மாஸ்ரர். பொல்காவலை, மாகோ என்று சிங்களப் பக்கத்து ஸ்ரேசன்களில் வேலை செய்து, வடக்கில் எங்கள் ஊரில் வீடு கட்டி, அதில் ஆறு வருடம் இருந்துவிட்டு, யுத்தம் வந்ததும் எல்லாரையும் போல வெளிக்கிட்டு வந்தவர். கொழும்பில் அவருக்குச் செய்ய ஒன்றும் இல்லை. காலையில் பேப்பரைக் கடைசி வரி வரைக்கும் படிப்பார். பிறகு பல்கனியில் கதிரையைப் போட்டுக் கடற்கரைப் பாதையில் போகிற ரெயின்களைத் தன் மணிக்கூட்டோடு ஒப்பிட்டுப் பார்ப்பார். "பாணந்துறை ரெயின் நாலு நிமிஷம் லேற்" என்று உள்ளே பார்த்து அறிவிப்பார். அடுப்படியில் நிற்கும் அம்மா "ஓம், ஓம்" என்பார். வீதியில் இறங்கினால் செக்கிங் என்று வெளியே போவதையே அப்பா குறைத்திருந்தார். ஆனால் அடையாள அட்டை வீட்டுக்குள்ளும் அவருடைய சேர்ட் பொக்கற்றில்தான் இருக்கும்.

"காட்டுக்கையோ?" என்றார் அப்பா.

"ஓம் அப்பா. சனிக்கிழமையில மட்டும்."

"காட்டுக்கை சிலையை வைச்சு ஆர் பாக்கிறது? குரங்கோ?"

அம்மா குறுக்கிட்டார். "பிள்ளையைத் தனிய விடேலாது. நீங்களும் கூடப் போங்கோ."

அப்பா மறுப்பார், அதோடு விஷயம் முடியும் என்று நான் நினைத்தேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "எத்தினை மணிக்கு வெளிக்கிடவேணும்?" என்று கேட்டார்.

முதல் சனிக்கிழமை விடிய அப்பா கீழ்ப்படியில் தயாராக நின்றார். சப்பாத்து, காற்சட்டை நுனியை உள்ளே விட்டு இழுத்த கால்மேஸ், கையில் குடை. பையில் ஒரு சவர்க்காரக் கட்டியும் நாலு தேசிக்காயும். ஈரக்காட்டில் அட்டை கடிக்கும், சவர்க்கார நுரையும் தேசிப்புளியும் பட்டால் விழுந்துவிடும் என்று ஆரோ சொல்லியிருக்கிறார்கள். வழியில் ஒவ்வொரு செக்பொயின்ரிலும் ஆமிக்காரர் மேடத்தைப் பார்த்து வணக்கம் சொல்லிவிட்டு எங்களைப் பார்த்து முகத்தை மாற்றுவார்கள். அப்பா அடையாள அட்டையையும் பொலிஸ் பதிவுத் துண்டையும் ஜன்னலால் நீட்டுவார். ஓடுகிற ரெயினின் டிரைவருக்கு, அடுத்த ஸ்ரேசன் வரை போகலாம் என்ற பாதைச் சாவியைக் கொடுப்பது போல இருக்கும் அந்தக் கை நீட்டல். நிமிர்ந்த முதுகு, நேரான பார்வை.

காடு எனக்கு உடனே பிடித்துவிட்டது. இறப்பர் மரங்கள் பழைய வரிசையில்தான் நின்றன. ஆனால் நடுவில் கித்துல், பலா, பேர் தெரியாத கொடி எல்லாம் வரிசை கேட்காமல் புகுந்துவிட்டன. இடுப்பளவுக்குப் பன்னச் செடி. ஒரு ஓடை எங்கேயோ சத்தம் போடும், தேடிப் போனால் வேறு பக்கத்தில் இருக்கும். சிற்பிகள் அங்கங்கே கொட்டில் போட்டு வேலை செய்துகொண்டிருந்தார்கள்.

அப்பா முதலில் பார்த்தது சீமெந்தில் செய்த ஒரு காது. ஆளுயரத்துக்கு மேலே, பாதி மண்ணுக்குள் புதைந்து கிடந்தது.

"உதென்ன?"

"காது, அப்பா."

"அது தெரியுது. ஆற்றை காது?"

அந்தச் சிற்பத்துக்கு அதைச் செய்தவர் வைத்த பேர் 'இருப்பு - மூன்று'. வேறு நாலைந்துக்கு 'பெயரிடப்படாதது' என்றே பேர். இது அப்பாவுக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. "பேர் இல்லாமல் எப்பிடி ஒரு சாமானை ஒரு இடத்திலை நிப்பாட்டுறது? ஸ்ரேசனுக்குப் பேர் இல்லாட்டிச் சனம் எங்கை இறங்கிறது?" என்றார். வேலை தொடங்கி ஒரு மாதத்துக்குள் பதினொன்றுக்கும் அவரே பேர் வைத்துவிட்டார். காதுக்கு 'செவிடன் காது'. மரங்களுக்கு நடுவில் பளபளவென்று நிற்கும் உருக்குத் தகடுகளுக்கு 'கள்ளக் காடு'. அவற்றுக்குள்ளேயும் காடு தெரியுமாம், ஆனால் போக முடியாதாம். என்னுடைய நடைபாதைப் படத்தின் பிரதி ஒன்றை வாங்கி, அதன் முதுகுப்பக்கத்தில் ஒன்று தொடக்கம் பதினொன்று வரை இலக்கமிட்டுத் தன் மணியான கையெழுத்தில் எழுதி வைத்துக்கொண்டார். அதை மடித்து அடையாள அட்டைக்குப் பக்கத்தில் வைத்திருப்பார்.

அப்படியே மூன்று மாதம் போனது. திறப்பு விழாவுக்கு இரண்டு கிழமை இருந்தது. அந்தச் சனிக்கிழமை மேடமும் தோட்டத்துக் காவல்காரரும் சீமெந்து எடுக்க வானில் அவிசாவளை ரவுணுக்குப் போய்விட்டார்கள். சிற்பிகள் வேலையை முடித்துக்கொண்டு போயிருந்தார்கள். நானும் அப்பாவும் அளவு நாடாவின் இரண்டு நுனியைப் பிடித்துக்கொண்டு தூரங்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தோம். மழை அப்போதுதான் விட்டிருந்தது.

பாதை வளைவில் மூன்று பேர் வந்தார்கள். வயிறு கொஞ்சம் முன்னால் வந்த ஓர் இன்ஸ்பெக்டர், துவக்கோடு இரண்டு கொன்ஸ்டபிள்கள். கொன்ஸ்டபிள்களில் ஒருவர் நரைக்கத் தொடங்கியவர், மற்றவர் மீசை இப்போதுதான் அரும்பியவர்.

இன்ஸ்பெக்டர் சிங்களத்தில் கேட்டார். "இங்கே என்ன செய்கிறீர்கள்?"

சிங்களம் கேட்டால் எனக்கு விளங்கும், பேச என்றால் சந்தைக்கும் பஸ்ஸுக்கும்தான் போதும். "சிலை" என்றேன். அந்த ஒரு சொல் அந்தக் காட்டுக்குள் எவ்வளவு பொய்யாகக் கேட்டது என்று இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது.

அடையாள அட்டைகளை வாங்கினார். "வெள்ளவத்தை" என்று உரக்க வாசித்தார். பிறகு பிறந்த இடத்தை வாசித்தார். அதை உரக்க வாசிக்கவில்லை. ரோட்டுக்கரைத் தேத்தண்ணிக் கடையில் ஆரோ சொல்லியிருக்கிறார்கள்: இரண்டு தமிழ் ஆட்கள், சனிக்கிழமை தோறும், கையில் வரைபடம், உள்ளே இரும்பு அடிக்கிற சத்தம். இன்ஸ்பெக்டர் என் கையிலிருந்த படத்தை வாங்கி விரித்தார். குளியலறைப் படங்களில் பழகிய அழகான பெரிய ஆங்கில எழுத்தில், 'குழாய்கள் ஏழு, நாலடி ஆழத்தில் புதைத்தது' என்று நான் எழுதியிருந்தேன். அதற்குப் பக்கத்தில் திசையைக் காட்டும் அம்புக்குறியும் போட்டிருந்தேன்.

அவர் அம்புக்குறியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அப்பாவின் பொக்கற்றைச் சோதிக்கச் சொன்னார். மீசைக் கொன்ஸ்டபிள் மடித்த பிரதியை எடுத்துக் கொடுத்தார். முதுகுப்பக்கம் முழுக்கத் தமிழ். ஒன்று, இரண்டு, மூன்று என்று இலக்கங்கள்.

"இது என்ன இரகசியக் கோட்?"

அப்பா அளவு நாடாவின் நுனியை மெதுவாகக் கீழே வைத்தார். பிறகு நான் சின்ன வயதில் பிளாற்போமில் கேட்ட குரலில், நல்ல சுத்தமான சிங்களத்தில் பேசினார்.

"மாத்தயா, இது பேர்ப் பட்டியல். மொத்தம் பதினொன்று. எல்லாவற்றையும் நடந்து பார்க்க ஒரு மணித்தியாலம் பிடிக்கும். முதலாவதிலிருந்து தொடங்குவோமா?"

இன்ஸ்பெக்டர் பிரதியிலிருந்து தலையை நிமிர்த்தினார். "சிங்களம் எங்கே படித்தாய்?"

"அரசாங்கத்தில், மாத்தயா. மாகோவில் ஒன்பது வருஷம்."

"நட" என்றார் இன்ஸ்பெக்டர்.

அப்படித்தான் அந்தச் சிற்பக் காட்டின் முதல் பார்வையாளர்கள் உள்ளே போனார்கள். முன்னால் குடையோடு அப்பா, பின்னால் பட்டியலோடு இன்ஸ்பெக்டர், அடுத்ததாக நான், கடைசியில் இரண்டு துவக்கு.

செவிடன் காதை இன்ஸ்பெக்டர் பிரம்பால் தட்டிப் பார்த்தார், உள்ளே வெற்றிடமா என்று. மீசைக் கொன்ஸ்டபிள் காதுக்குழிக்குள் தலையை விட்டு "ஹலோ" என்றார். பிறகு தான் சொன்னதை நினைத்து வெட்கப்பட்டுத் தொப்பியைச் சரிசெய்தார். கள்ளக் காட்டில்தான் முதல் சிக்கல். அப்பா அதைச் சிங்களத்தில் சொன்னதும் இன்ஸ்பெக்டர் சட்டென்று நின்றார்.

"கள்ளர் இருக்கிற காடா? எங்கே?"

"கள்ளர் இல்லை, மாத்தயா. காடே கள்ளம். உள்ளே பாருங்கோ."

தகட்டுக்குள் மரங்களும் மழை ஈரமும் ஒரு பொலிஸ் இன்ஸ்பெக்டரும் தெரிந்தார்கள். அவர் வயிற்றைக் கொஞ்சம் உள்ளே இழுத்ததை நான் பார்த்தேன்.

குழாய்கள் நாலாவது. தூரத்திலேயே அவை தெரிந்தன. எத்தனையோ தரம் அளந்த குழாய்கள்தான். ஆனால் அன்றைக்கு மற்றவர்களின் கண்ணால் பார்த்தேன். ஏழு இரும்புக் குழாய், ஏழு உயரம், எல்லாம் செல் குண்டு அடிக்கிற குழாய்கள் போலச் சரிந்து வானத்தைப் பார்த்துக்கொண்டு. கொன்ஸ்டபிள்கள் தோளிலிருந்து துவக்கை இறக்கினார்கள்.

"காற்றடிச்சால் பாடும்" என்றார் அப்பா. "பேர், 'சங்கீத வித்துவான்கள்'."

காற்று இல்லை. ஓர் இலை அசையவில்லை. ஐந்து பேரும் காற்றுக்காகக் காத்து நின்றோம்.

"எப்போது வரும்?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"அதுக்கு நேர அட்டவணை இல்லை, மாத்தயா."

இன்னும் கொஞ்சம் நின்றோம். ஒரு குரங்கு வந்து பார்த்துவிட்டுப் போனது. அப்பா பொறுமையிழந்து, குடையை என்னிடம் தந்துவிட்டு, ஆகக் கட்டையான குழாயின் மேல் குனிந்து போத்தல் ஊதுவது போல ஊதினார். அடித்தொண்டையில் ஒரு மாடு கூப்பிடுவது போல ஒரு சத்தம் எழுந்து காட்டுக்குள் போனது. இன்ஸ்பெக்டரின் முகம் மாறியது. பிரம்பைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு அவரும் குனிந்து ஊதினார். முதல் தரம் காற்றுத்தான் போனது. இரண்டாம் தரம் சரியாக வந்தது. துவக்குகள் திரும்பத் தோளுக்கு ஏறின.

ஆனால் என் பயம் அதோடு தீரவில்லை. ஒன்பதாம் இலக்கம் எனக்குத் தெரியும். அது ஒரு கருங்கல். கட்டையாகத் தடித்து நின்று, ஒரு கையை மட்டும் பாதைக்குக் குறுக்கே நீட்டும். அதற்கு அப்பா வைத்த பேர் 'பொலிஸ்காரர்'.

பாதையில் ஒரு வேரைத் தாண்டும்போது நான் இன்ஸ்பெக்டரை முந்திப்போய் அப்பாவின் முதுகுக்குப் பின்னால் மெல்லச் சொன்னேன். "அப்பா, ஒன்பதுக்கு வேற பேர் சொல்லுங்கோ."

"தமிழில் பேச வேண்டாம்" என்றார் பின்னால் வந்த கொன்ஸ்டபிள். அப்பா திரும்பிப் பார்க்கவில்லை. கேட்டதோ இல்லையோ தெரியவில்லை.

ஏழாவது, கதவு நிலைகள். உடைத்த வீடுகளிலிருந்து எடுத்த பழைய மர நிலைகளை ஒரு பெண் சிற்பி ஒன்றன்பின் ஒன்றாக மரங்களுக்கிடையில் நட்டிருந்தார். கதவு இல்லை, சுவர் இல்லை, வீடு இல்லை. அப்பா வைத்த பேர் 'வீட்டுக்காரர் வெளியில்'. அதை அவர் சிங்களத்தில் சொன்னபோது இன்ஸ்பெக்டர் ஒன்றும் கேட்கவில்லை. நரைத்த கொன்ஸ்டபிள்தான் கேட்டார்.

"இதற்குள்ளால் போகலாமா?"

"போகத்தான் வைச்சிருக்கு" என்றார் அப்பா.

அவர் துவக்கைச் சரித்துப் பிடித்துக்கொண்டு முதல் நிலைக்குள்ளால் போனார். பிறகு அடுத்தது, அதற்கடுத்தது. கடைசி நிலையில் போய் அதன் மரத்தைக் கையால் தடவிக்கொண்டு நின்றார். தன்னுடைய ஊர் யுத்தம் நடக்கிற எல்லைப்பக்கம் என்றார். ஒரு நாள் பின்னேரம் எல்லாரும் வீட்டைப் பூட்டிவிட்டு வெளிக்கிட்டார்களாம். "வீட்டுச் சாவி இன்னும் மனுசியிடம் இருக்கிறது. கதவு இருக்கிறதோ தெரியாது."

"எங்கள் வீட்டில் நிலையும் இல்லை என்று கேள்வி" என்றார் அப்பா.

"கூரை?"

"அது முதலே போய்விட்டது."

இன்ஸ்பெக்டர் மணிக்கூட்டைப் பார்த்தார், ஆனால் அவசரப்படுத்தவில்லை. அங்கே நாங்கள் மற்ற எல்லா இடத்தையும் விடக் கூட நேரம் நின்றோம்.

ஒன்பதுக்கு வந்தோம். இன்ஸ்பெக்டர் பட்டியலைப் பார்த்தார். "இது என்ன பேர்?"

அப்பா ஒரு மூச்சு எடுத்தார். "பொலிஸ்காரர்" என்றார்.

எங்கேயோ மரத்திலிருந்து மழைத்தண்ணீர் சொட்டியது. மீசைக் கொன்ஸ்டபிள் சப்பாத்தைப் பார்த்தார்.

"ஏன்?"

"போறவாற ஆட்களை எல்லாம் நிப்பாட்டுறார், மாத்தயா."

இன்ஸ்பெக்டர் கல்லுக்கு முன்னால் போய் நின்றார். சுற்றி வந்தார். திரும்ப முன்னால் நின்று, தன் வலது கையை நீட்டிக் கல்லின் கைக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார்.

"என் கை இவ்வளவு நீளமில்லை" என்றார் கடைசியில்.

நரைத்த கொன்ஸ்டபிளுக்கு இருமல் வந்தது. அது இருமல் இல்லை என்று எல்லாருக்கும் தெரியும். இன்ஸ்பெக்டர் திரும்பிப் பார்த்து, தானும் சிரித்துவிட்டார். அப்பா மட்டும் சிரிக்கவில்லை. "பத்தாவது இந்தப் பக்கம்" என்று நடந்தார்.

பதினொன்றும் முடிந்து வாசலுக்கு வரும்போது மேடத்தின் வான் வந்து நின்றது. மேடம் சீமெந்துத் தூசியோடு இறங்கி, என் முகத்தைப் பார்த்ததும் விளங்கிக்கொண்டு, இன்ஸ்பெக்டரோடு சண்டைக்குத் தயாரானார். இன்ஸ்பெக்டர் இடம் கொடுக்கவில்லை. "நோனா, இப்படி ஒரு இடம் வைப்பதென்றால் பொலிஸ் ஸ்ரேசனுக்கு முதலே அறிவிக்க வேண்டும்" என்று சொல்லி, தன் கொப்பியில் ஏதோ நீளமாக எழுதினார். எங்கள் அட்டைகளைத் திருப்பித் தந்தார். வரைபடத்தையும் பட்டியலையும் தரவில்லை. "இது என்னிடம் இருக்கட்டும்" என்று மடித்துப் பொக்கற்றில் வைத்துக்கொண்டார்.

திரும்பி வரும் வழியில் நான் மேடத்துக்கு எல்லாவற்றையும் நடித்தே காட்டினேன். மேடம் ஸ்டியரிங்கில் அடித்து அடித்துச் சிரித்தார். அப்பா பின் சீற்றில் ஜன்னலோரம் இருந்தார். ஹங்வெல்லைக்குக் கிட்ட வந்ததும், "கொஞ்சம் நிப்பாட்டச் சொல்லு பிள்ளை" என்றார். இறங்கி, ரோட்டோரப் புல்லில் குனிந்து சத்தியெடுத்தார். ஓடிப்போய் அவருடைய முதுகைத் தடவியபோதுதான் சேர்ட் முழுக்க நனைந்திருந்தது தெரிந்தது. மழை விட்டு இரண்டு மணித்தியாலம் ஆகியிருந்தது. பக்கத்துக் கடையில் முகம் கழுவி, இஞ்சி போட்ட பிளேன்ரீ குடித்தார்.

"வேற பேர் சொல்லியிருக்கலாமே அப்பா" என்றேன்.

"தமிழ் தெரிஞ்ச ஒருத்தனைக் கொண்டு அவன் அதை வாசிப்பிச்சால்? ஒரு பொய் பிடிபட்டால் மற்றப் பத்தும் பொய்யாப் போயிடும்." கோப்பையை வைத்தார். "கொம்மாவுக்குச் சொல்லாதை."

நான் அடுத்த நாளே சொல்லிவிட்டேன். அம்மா அப்பாவோடு கதைக்காமல் இரண்டு நேரம் சமைத்தார். அடுத்த சனிக்கிழமை அப்பா வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். நானும் போவதா என்று யோசித்துக்கொண்டு கட்டிலில் கிடந்தேன். அப்பா அறைக் கதவைத் தட்டினார்.

"என்ன, இன்னும் வெளிக்கிடேல்லையோ?"

மேடம் பேர்ப் பலகைகளுக்கு அப்பாவின் பேர்களையே எடுத்துக்கொள்ள விரும்பினார். சில சிற்பிகள் கோபித்தார்கள், சிலர் விழுந்து விழுந்து சிரித்துச் சம்மதித்தார்கள். கருங்கல்லைச் செய்த இளைஞர் முதலாவதாகச் சம்மதித்தார். ஆனால் மேடம் யோசித்துவிட்டு, "அந்த ஒன்றை மட்டும் விடுவோம்" என்றார். ஆகவே அது 'பெயரிடப்படாதது' என்றே நின்றது.

திறப்பு விழாவுக்குப் பிரதம விருந்தினர் வரவில்லை. அன்றைக்குக் கொழும்பில் ஏதோ பிரச்சினை என்று வீதிகளை மூடிவிட்டார்கள். அழைப்பு அனுப்பிய ஆட்களில் பாதிக்குப் பாதிகூட வந்து சேரவில்லை. வந்ததெல்லாம் ஊர்ச்சனம்தான், குஞ்சு குருமான்களோடு. தேத்தண்ணிக் கடைக்காரர் ஒரு பெரிய தட்டில் கொண்டைப் பலகாரம் அடுக்கிக் கொண்டுவந்தார். தட்டை மேசையில் வைத்துவிட்டு அப்பாவிடம் வந்து, கைகளைச் சாரத்தில் துடைத்தார்.

"அன்றைக்குப் பொலிசுக்குச் சொன்னது நான்தான், மாத்தயா."

அப்பா அவரை மேலும் கீழும் பார்த்தார். "நானென்றாலும் சொல்லித்தான் இருப்பேன்" என்றார் சிங்களத்தில். "வீட்டுக்காரியையும் பிள்ளைகளையும் கூப்பிடுங்கோ. ஒன்றிலிருந்து போவோம்."

அம்மாவும் அன்றைக்கு முதல் தரமாக வந்திருந்தார், கல்யாண வீட்டுக்குப் போவது போல பட்டுச்சேலை கட்டிக்கொண்டு. சேலைக் கரையில் இரண்டு அட்டை ஏறிவிட்டன. காதும் குழாயும் அவரைப் பெரிதாக ஈர்க்கவில்லை. உருக்குத் தகடுகளுக்கு முன்னால் மட்டும் நெடுநேரம் நின்றார். என்ன நினைக்கிறார் என்று கேட்கக் கிட்டப் போனேன்.

"கொஞ்சம் அங்காலை நில்லு, வெளிச்சத்தை மறைக்கிறாய்" என்று சொல்லி, குனிந்து, கலைந்த பொட்டைச் சரிசெய்துகொண்டார்.

பின்னேரம் வானில் எல்லாரும் ஏறினோம். அம்மா ஏறியதும் நித்திரையாகிவிட்டார். ஜன்னல்களைத் திறந்து விட்டிருந்தோம். இறப்பர் இலையின் மணம் உள்ளே வந்தது. அப்பா முன் சீற்றில் மேடத்துக்குப் பக்கத்தில் இருந்து, ஓடைக்கு அந்தப் பக்கத்தில் மேட்டில் நல்ல இடம் ஒன்று சும்மா கிடக்கிறது, பன்னிரண்டாவது சிலைக்கு ஆளைப் பார்க்கச் சொல்லி இங்கிலிஷில் வாதாடிக்கொண்டு வந்தார். மேடம், "பார்க்கலாம், பார்க்கலாம்" என்று சொல்லிக்கொண்டே கியரை மாற்றினார்.